ஆறு லட்சம் ரூபாய் ரதம்

கார்த்திகை 2, செவ்வாய்

நேற்று அடித்த மழையில் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் பக்கத்தில் நின்ற வாகைமரம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த இடம், பகலில் ஓட்டம் இல்லாதபோது என் வண்டி நிற்கிற இடம். சாய்ந்த நேரத்தில் வண்டி பாளையம்பட்டியில் ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டிருந்தது. தொண்ணூறு தாண்டிய மனிதர், சரியான நாள் பார்த்துக் கண்ணை மூடி என் வண்டியைக் காப்பாற்றிவிட்டார். புண்ணியவான். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை, சொன்னால் அழுகிற வீட்டில் சிரித்துத் தொலைப்பார்கள்.

புது டைரி என்பதால் முதலில் என்னைப் பற்றி. பேர் சண்முகவடிவு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அருப்புக்கோட்டையில் அமரர் ஊர்தி ஓட்டுகிறேன். மாலை வாங்குகிற பூக்கடைக்காரர் வருசா வருசம் டைரி கொடுப்பார், ஓட்டம் எழுதி வைக்க. என் வண்டியை ஊரில் ரதம் என்பார்கள். பிண வண்டி என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களையும் ஒருநாள் நான்தான் ஏற்ற வேண்டும் என்பதால் கோபிப்பதில்லை.

மரம் விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்து இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடி எடுத்தேன். வண்டி நசுங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு ஆசை. எழுத்துக்கூட்டிப் படித்தால், வண்டி வகை: சரக்கு வேன். மதிப்பு: ஒன்றரை லட்சம். நாலு பக்கக் கண்ணாடிக்கும் குளிர்பெட்டிக்குமே அது பற்றாது.

"என்னங்க, சரக்கு வேன்னு போட்டிருக்கான். நம்ம ஏத்துறது என்ன, வெங்காயமா?"

"கத்தாத வடிவு. உள்ளதைப் பெரிசா எழுதுனா கண்ணு பட்ரும்."

"பொண வண்டிக்கு எவன் கண்ணு வைப்பான்? அய்யோ நம்ம வீட்டு வாசல்ல இது நிக்கலையேன்னு எந்த வீட்ல ஏங்குறாக?"

என் வீட்டுக்காரர் சீனிராசு எழுந்துகொண்டார். வண்டிக்குத் தார்ப்பாய் போடப் போய்விட்டார். வண்டி வீட்டுக்கு வந்ததும் தலையிலிருந்து கால்வரை மூடிவிடுவார். புதுப்பெண்ணைக்கூட யாரும் அப்படி மூடி வைப்பதில்லை. கண்ணுக்கு அவ்வளவு பயந்தவர் வண்டியில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கார்த்திகை 5, வெள்ளி

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். வண்டியைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர் பேர் கோவர்த்தன். சின்னப் பையன்தான், முப்பது இருக்கும். கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் துளசி மாலை. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். அவருக்கு நான் சாமி, எனக்கு அவர் சாமி. ரெண்டு சாமிகளும் உட்கார்ந்து பேசினோம்.

"சாமி, அஞ்சு வருசத்துக்கு மேல போன வண்டிக்கு இன்ன வெலைன்னு கணக்கு கெடையாது. நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிறதுதான். சந்தையில என்ன வெலை போகும்னு ஒரு ஆதாரம் கொண்டாங்க. நான் வந்து பாத்துப் போட்டோ எடுக்கணும்."

"வாங்க சாமி, இப்பவே போவோம். வெளியிலதான் நிக்கிது."

சாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"சாமி... மாலை போட்டுக்கிட்டு அந்த வண்டிப் பக்கமே வரப்படாது சாமி."

"வேற ஆளு?"

"ரெண்டே பேருதான் சாமி. அவரும் மாலை."

அவர்கள் மலைக்குக் கிளம்புவது மார்கழி பதினாலு. திரும்பி வருவது பதினேழு. என் பேப்பர் முடிவது மார்கழி இருபது.

"அவசரம்னா பழைய பேப்பரை அப்படியே புதுப்பிச்சிரலாம் சாமி. சரக்கு வேனாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"நாளைக்கே மரம் விழுந்தா?"

கொஞ்சம் யோசித்தார். நல்ல பையன், பொய் வரவில்லை. "ஆர்சி புக்குல அமரர் ஊர்தி. பாலிசியில சரக்கு வேன். கம்பெனி கையை விரிச்சிரும் சாமி."

அந்த வண்டிதான் எங்கள் வீட்டுச் சோறு. அது போனால் இன்னொன்று செய்ய எங்களிடம் வயசும் இல்லை, காசும் இல்லை. "காத்திருக்கேன் சாமி, நீங்க மலைக்குப் போயிட்டு வாங்க" என்றேன். வெளியே வந்து வண்டியைக் கிளப்பினால், ஆபீஸ் வாசலில் இருந்த ரெண்டு சாமிகள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்கு ஊருக்குள் எப்போதும் வழி கிடைக்கும்.

கார்த்திகை 7, ஞாயிறு

என் வீட்டுக்காரருடைய அண்ணன் தங்கப்பழம் விருதுநகரிலிருந்து வந்திருந்தார். பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவர் வருகிற நாளில் வண்டி வீட்டில் நிற்காது. இவர் விடியும்போதே கொண்டுபோய்க் கிட்டங்கிக்குப் பின்னால் விட்டுவிட்டு வருவார். அங்கே நிழல் நல்ல நிழலாம். இன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. மரமும்தான் விழுந்துவிட்டது.

"வேன் ஓட்டமெல்லாம் எப்படித்தா இருக்கு?" என்று அத்தான் கேட்டார்.

"நல்ல ஓட்டம் அத்தான். ஏறுனவுக ஒருத்தரும் இதுவரைக்கும் கொறை சொன்னதில்ல."

இவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். மண்டியில் சொல்லிப் பருப்பு லோடு வாங்கித் தருகிறேன் என்று அத்தான் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். ரெண்டாம் தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்.

கார்த்திகை 10, புதன்

ரெண்டு ஓட்டம். டயருக்குக் காற்று. உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

கார்த்திகை 12, வெள்ளி

இன்சூரன்ஸ் எழுதிக் கொடுத்த பழைய ஏஜென்ட் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். "சார், எங்க ரதத்தைச் சரக்கு வேனாக்கிட்டீகளே, உங்களை ஏத்தும்போது சாக்குல கட்டியா ஏத்துறது?" என்று ஆரம்பித்தேன். நன்றாகச் சிரித்தார்.

"நான் சரியாத்தாம்மா எழுதுனேன். உங்க வீட்டுக்காரர்தான் மாத்தச் சொன்னாரு. வீட்டுக்கு வர்ற பேப்பர், நாலு சொந்தக்காரங்க கண்ல படும், சரக்கு வேன்னே போடுங்கன்னாரு. வெலையும் அதுக்குத் தக்கன கொறஞ்சிருச்சு."

சரி சார் என்று வைத்துவிட்டேன்.

ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது என்றார் இவர்.

மழை.

கார்த்திகை 17, புதன்

திருக்கார்த்திகை. வாசலில் வரிசையாக அகல் வைத்தேன். ஒன்று மிஞ்சியது, வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். காற்றில் அணைந்துவிட்டது. கொழுக்கட்டையை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் எரிந்துகொண்டிருந்தது. யார் ஏற்றியது என்று கேட்கவில்லை.

இந்த வண்டியைப் பற்றி எழுத வேண்டும். வாங்கும்போது அது பழைய வேன்தான், உள்ளே மீன் வாடை அடித்தது. இவர் லாரிப் பட்டறையில் தகரவேலை செய்தவர். சப்பரத்துக்குத் தகட்டு வேலையும் செய்வார். கண்ணாடிச் சுவர், பெட்டியை அலுங்காமல் உள்ளே தள்ள உருளை வைத்த மேடை, சுற்றிலும் எவர்சில்வர் கம்பி, மேலே ரெண்டு மயில், எல்லாம் இவர் கை. முதலில் இவர்தான் ஓட்டினார். ஒரு மாதம் ஓட்டிவிட்டு, அழுகைச் சத்தத்தில் தலை வலிக்கிறது என்றார். சரி நகருங்கள் என்று நான் சாவியை வாங்கினேன்.

அதற்கப்புறம் இன்றுவரை ஒரு சடன் பிரேக் போட்டதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் பெட்டியின் மேல் தலை சாய்த்துக்கொண்டு வருவார்கள். அந்தத் தலை ஒரு தடவை இடித்துவிட்டால் அப்புறம் நான் என்ன ஓட்டுநர்? ஆரன் அடிக்கமாட்டேன். காந்தி நகர் மேடு வந்தால் பூனை நடக்கிற மாதிரி ஏற்றுவேன். கலெக்டர் காரில் போகிறவருக்குக்கூட அப்படி ஒரு பயணம் வாய்க்காது. என்ன, என் வண்டியில் ஏறியவர்களால் அதை வெளியே சொல்ல முடியாது.

கார்த்திகை 23, செவ்வாய்

சந்தை விலைக்கு ஆதாரம் வேண்டுமே, பழைய வண்டி புரோக்கரிடம் கொண்டுபோனேன். அவர் தெருவின் அந்தப் பக்கமே நின்று பார்த்தார்.

"அக்கா, இதை யாருக்கா வாங்குவா? மேல இருக்கிற அலங்காரமெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டா லோடு வேனாத் தள்ளிவிடலாம். ஒண்ணே கால் சொல்லலாம்."

"உங்க சட்டை, வாட்ச், அந்தத் தங்கப்பல்லு எல்லாத்தையும் கழட்டிட்டா நீங்க என்ன வெலை போவீக தம்பி?"

கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும்தான் சிவகாசி பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. மூன்று ரதம் வைத்து ஓட்டுகிறவர். போன வருசம் ஒரு காரியத்தில் என் வண்டியைப் பார்த்துவிட்டு, கொடுப்பதாக இருந்தால் சொல்லு என்றார். மீன் விலை மீன் தின்கிறவனிடம் கேட்க வேண்டியதை, இத்தனை நாள் பூக்காரியிடம் கேட்டிருக்கிறேன். போன் போட்டேன். மார்கழி பிறக்கட்டும் வருகிறேன் என்றார்.

மார்கழி 2, புதன்

பொன்னுலிங்கம் அண்ணாச்சி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. தார்ப்பாயை நான் ஒரு பக்கம் பிடிக்க, இவர் ஒரு பக்கம் பிடிக்க, உருவினோம். இவர் தார்ப்பாயை மடிப்பதாகச் சொல்லிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

அண்ணாச்சி டயரைப் பார்த்தார். இன்ஜினைத் திறந்து பார்த்தார். மேடையில் கையை வைத்துத் தள்ளினார், உருளை சத்தமே இல்லாமல் ஓடியது. அப்புறம் அண்ணாந்து மயிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தாயி, இந்த மயிலை யாரு செஞ்சது?"

"ஏன் அண்ணாச்சி, கொத்துதா?"

"வெளையாடாத. என் மூணு வண்டியிலயும் மயிலு இருக்கு. எல்லாம் தோகைய விரிச்சு ஆடுது. சாவு வீட்டுக்குப் போற வண்டியில மயிலு ஏன் ஆடணும்? எனக்கு இத்தனை வருசமாத் தோணலையே. இது பாரு, தோகைய மடக்கி, தலையக் குனிஞ்சு, துக்கத்துக்கு வந்த ஆளு மாதிரி நிக்கிது. செஞ்சவனைக் காட்டு, நான் பாக்கணும்."

"அவரு ரொம்பக் கூச்சக்காரரு அண்ணாச்சி. இங்கனதான் தார்ப்பாயை மடிச்சுக்கிட்டு நிப்பாரு. ஒரு தார்ப்பாயை எத்தனை மடிப்பு மடிக்கலாம்னு நீங்களே வந்து பாருங்க."

அண்ணாச்சி பின்னால் போய் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது இவர் காது சிவந்திருந்தது.

"ஆறரை லட்சம் தாரேன். இன்னைக்கே ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றார் அண்ணாச்சி.

"வண்டி விக்கிறதுக்கில்ல அண்ணாச்சி. இன்ன வெலைக்குக் கேட்டேன்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் குடுத்தா போதும். இன்சூரன்சுக்கு."

என்னையே பார்த்தார். "விக்காத வண்டிக்கு வெலை சொல்லவா என்னைச் சிவகாசியில இருந்து வரவச்ச?"

"ஒரு நாட்டுக்கோழி அடிச்சிருக்கேன் அண்ணாச்சி."

மார்கழி பிறந்துவிட்டது, கறி இல்லை என்றார். அதை மறந்துவிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு எழுதிக் கொடுத்தார். சாவு வண்டிக்காரி வீட்டில் கை நனைக்க நம் ஊரில் ஆள் தேட வேண்டும். இன்னொரு சாவு வண்டிக்காரர் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. கோழிக் குழம்பை நாங்களே ரெண்டு நாள் சாப்பிட வேண்டும்.

சாயங்காலம் இவர் தார்ப்பாயைப் போட்டார். மயில் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. காற்று தூக்கிவிட்டது என்றார். இன்று காற்றே இல்லை.

மார்கழி 9, புதன்

ஓட்டம் இல்லை. ஊர் நன்றாக இருக்கிறது. கண்ணாடி துடைத்தேன். இவர் ஏணி போட்டு ஏறி மயிலுக்குப் பிரஷ்ஷால் தூசி தட்டினார். கேட்காமலேயே.

மார்கழி 14, திங்கள்

கோவர்த்தன் சாமி மலைக்குக் கிளம்பிவிட்டார். போன் பண்ணினேன்.

"என் வண்டிக்கும் சேத்து வேண்டிக்கிருங்க சாமி."

"அந்த வண்டிக்கு ஓட்டம் பெருகணும்னு வேண்டுனா ஊரு என்னாகுறது சாமி?"

என்னை ஒருத்தர் மடக்கிவிட்டார். நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

மார்கழி 18, வெள்ளி

இன்று நடந்ததைக் கை வலிக்க எழுதப் போகிறேன்.

காலையில் கோவர்த்தன் வந்தார். மாலை கழற்றியாயிற்று, தாடி எடுத்தாயிற்று, பத்து வயசு குறைந்துவிட்டது. கையில் ஒரு டப்பா அரவணைப் பாயசம். ஆனால் வாசல் தாண்டவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றே போனைத் தூக்கிப் பிடித்தார்.

"மாலைதான் கழட்டியாச்சே சாமி, இன்னும் என்ன?"

"கழட்டியாச்சு. இருந்தாலும் வெள்ளிக்கிழமை..."

"அங்கன நின்னு எடுத்தா போட்டோவுல என் முருங்கைமரம்தான் விழும். அதுக்கு எம்புட்டு மதிப்புப் போடுவீக?"

எதிரே டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர். எல்லோரும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேதான் பார்க்கிறார்கள். கோவர்த்தன் ரெண்டு எட்டு உள்ளே வந்தார். போனில் எதையோ தட்டினார்.

"அக்கா, வண்டி வகை என்ன போட? பழைய மாதிரியே..."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். தார்ப்பாய் தரையில் விழுகிற சத்தம்.

"அமரர் ஊர்தின்னு போடுங்க."

இவர்தான். தெருவில் இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அதையும் தாண்டிக் கேட்டது.

"பொணம் ஏத்துற வண்டி. கட்டுனது நான், ஓட்டுறது என் பொண்டாட்டி. இந்த ஊர்ல பாதிப் பேரு வீட்டுப் பெரியாளுக இதுலதான் போனாக. உள்ள வாங்க தம்பி, காட்டுறேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடி என்ன கனம், கம்பி எங்கே வாங்கியது, குளிர்பெட்டி எந்த வருசம், ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காட்டினார். கோவர்த்தனும் முதலில் கை படாமல் பார்த்தார், அப்புறம் குனிந்து பார்த்தார், அப்புறம் நன்றாகப் போட்டோ விழ வேண்டும் என்று உருளை மேடையில் ஏறி உட்கார்ந்தே எடுத்தார். வெள்ளிக்கிழமையை நான் ஞாபகப்படுத்தவில்லை. பாவம்.

சிவகாசிக்காரர் எழுதிக் கொடுத்த பேப்பரைப் பார்த்துவிட்டுக் கோவர்த்தன், "அஞ்சு போடலாம்" என்றார்.

"எட்டு" என்றார் இவர்.

நான் இடுப்பில் கிள்ளினேன். "என்னங்க, அண்ணாச்சியே ஆறரைதான் சொன்னாரு."

"அவரு வாங்குறவரு, கொறச்சுத்தான் கேப்பாரு. அந்த மயிலு ஒண்ணுக்கே..."

"மயிலுக்கு வயசாயிருச்சுங்க. பொன்னு பூசுனது வெளுத்துப்போச்சு. கூட்டி எழுதுனா கட்டுற பணமும் கூடும். உள்ளதை எழுதுவோம், அதுக்குத்தானே இம்புட்டுப் பாடு."

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மூடி வைத்த மனிதரை இப்போது பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கடைசியில் ஆறு லட்சம். கோவர்த்தனுக்கும் சம்மதம், எனக்கும் நியாயமாகப் பட்டது. இவர் மட்டும் மயிலைப் பார்த்து, உனக்கு ஒரு நியாயம் கிடைக்கவில்லை என்கிற மாதிரி நின்றார்.

அரவணை நன்றாக இருந்தது. கோவர்த்தனுக்கு டீ போட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்து குடித்தார்.

மார்கழி 19, சனி

பேப்பர் வந்தது. வண்டி வகை: அமரர் ஊர்தி. மதிப்பு: ஆறு லட்சம். நான் படித்து முடிப்பதற்குள் இவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். ஒரு டீக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

தை 2, வெள்ளி

மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு கிடையாது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலிலேயே நிறுத்தினேன். விருதுநகர் அத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். கிட்டங்கிப் பக்கம் கொண்டுபோக இவர் சாவி கேட்பார் என்று சாவியை ஆணியில் மாட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

அத்தான் கரும்போடு வந்து தெருவிலேயே நின்றுவிட்டார். இவர் இறங்கிப் போனார்.

"வாங்கண்ணே. வண்டியைப் பாத்துட்டு வீட்டுக்குள்ள வாங்க."

"லோடு வேனுன்னு சொன்ன?"

"லோடுதாண்ணே. மனுச லோடு."

நான் உள்ளே போய் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் பேச்சு, என் சொத்து, கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண்ணாடியைத் தொட்டார்.

"எங்க சம்பந்தகாரரு போனப்ப ஒரு ஓட்டை வண்டியை அனுப்புனாங்கெ. பாதி வழியில நின்னு போச்சு. நாலு பேரு எறங்கித் தள்ளுனோம். எங்கிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலையாப்பா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். மேலே ரெண்டு மயில், கீழே இது மூன்றாவது.

"சரி விடு. எம்புட்டுக்கு எழுதியிருக்கு?"

"ஆறு லட்சம்ணே." சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்தார். இன்னும் அதிலேயே வைத்திருக்கிறார். பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டை அது. சட்டை மாற, பேப்பரும் மாறி வந்திருக்கிறது.

அத்தான் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் போனார். கரும்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன், இவரைக் காணோம். வாசலில் வந்து பார்த்தால், ஒரு பெரிய பூசணிக்காயில் குழி போட்டு, குங்குமத்தை அடைத்து, மேலே சூடத்தைக் கொளுத்தி, வண்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மூன்று சுற்று. முச்சந்திக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு உடைத்தார். டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கையைக் கழுவ வந்தபோது கேட்டேன். "ஏங்க, பொண வண்டிக்கு எவன் கண்ணு வைப்பான்?"

தண்ணீர்ச் செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ஊரே வைக்கிதுடி."